நாடா அவிழ்க்கும் படலம்

தண்ணீர் புகாது, எடை தெரியாது, பெண்களுக்கென்றே செய்தது. இந்த மூன்றையும் ஒரே பூட்ஸுக்குள் அடக்கிவிட்டதாகச் சொல்லும் கம்பெனிகளின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்ததில் என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. ராத்திரி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் நடுநிசி ஆகிவிடுகிறது. ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை நான் மதிப்பதில்லை. டப்பாவைப் பிரித்த சந்தோஷத்தில் எழுதுகிறவர்கள் அவர்கள். ஒரு நட்சத்திரக்காரர்களிடம்தான் உண்மை இருக்கும் என்று போனால், அதில் பாதிப் பேர் கூரியர் பையன் பார்சலை வாசலில் வீசிவிட்டுப் போன கோபத்தில் இருக்கிறார்கள். மூன்று நட்சத்திரம் போட்டவர்களே நம் ஆட்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன வருகிறது என்று பார்க்கத்தானே நாம் எல்லோரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம்.

எந்த பூட்ஸ் வாங்கலாம் என்பதைக் கடைசியில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

எல்லாம் மகளால் வந்தது. தமிழ்நாட்டு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகளைத் திறந்துவிட்டதிலிருந்து சென்னையில் இருக்கும் அவளுக்கு வீடு தங்கவில்லை. அந்த 14-ல் புதுக்கோட்டை கிடையாது. நியாயம்தான், எங்களிடம் இருப்பவற்றை மலை என்று சொன்னால் நீலகிரிக்காரர்கள் சிரிப்பார்கள். பாறை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மகள் என்னையும் சேர்த்து எங்கோ மேற்கு மலையில் நடத்திவைப்பதாக முடிவு செய்து போனில் உத்தரவு போட்டாள். "அம்மா, செருப்புல வந்தா கீழயே விட்டுட்டுப் போயிருவேன். நல்ல பூட்ஸா வாங்கு. வாங்கி நம்ம ஊரு மலையிலயே போட்டு நடந்து பழகிக்க."

போன வாரம் கீழ ராஜ வீதியில் ஒரு கடைக்குப் போனேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கடைப் பையன் என் காலைப் பார்ப்பதற்கு முன்னால் என் நரையைப் பார்த்தான்.

"வாக்கிங்குக்கா ஆன்ட்டி? டாக்டர் போகச் சொன்னாரா?"

மலை ஏற என்றேன்.

"பழனிக்கா?"

பழனிக்கு யாராவது பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஏறுவார்களா தம்பி என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். "லேடீஸ்ல பூட்ஸ் வராது ஆன்ட்டி, இது பாருங்க" என்று அவன் எடுத்துப் போட்டது ரோஸ். அடுத்தது கத்தரிப்பூ நிறம். மூன்றாவதில் குதிகால் பக்கத்தில் வெள்ளி இழையில் ஒரு பட்டாம்பூச்சி. கறுப்பு, பழுப்பு, சாம்பல், அட, செம்மண் பட்டால் காட்டிக்கொடுக்காத ஏதாவது ஒரு நிறம்? "அதெல்லாம் ஜென்ட்ஸ்ல ஆன்ட்டி." சரி, ஜென்ட்ஸில் சின்ன அளவு? "ஆறுலேருந்துதான் வரும்." எனக்கு ஐந்து. ஆறைப் போட்டுப் பார்த்தேன். நான் திரும்பிய பிறகு அது திரும்பியது.

பெண் மலை ஏறுவாள் என்று ஒரு கம்பெனி ஒத்துக்கொண்ட மறுநிமிடம் பெயின்ட் டப்பாவைத்தான் தேடுகிறது. உண்மையில் வித்தியாசம் நிறத்தில் இல்லை, அச்சில் இருக்கிறது. பூட்ஸ் செய்யும்போது உள்ளே வைத்து இழுத்துத் தைக்கிறார்களே, கால் வடிவத்தில் ஒரு கட்டை, அதில். பெண் பாதத்தில் முன்பக்க அகலத்துக்குக் குதிகால் ஒடுங்கியிருக்கும். ஆண் அச்சில் செய்ததைப் போட்டால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலே எழும்பி உராய்ந்து, மலை பாதி ஏறுவதற்குள் கொப்புளம் முழுசாக ஏறிவிடும். இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் தைக்கிற ஷூக்கள் கப்பல் ஏறி யார் யாருடைய குதிகாலையோ பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புதுக்கோட்டைக்கு வருவது பட்டாம்பூச்சி.

நம் காலுக்கு இன்னொரு வம்பும் உண்டு. சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களைக் கருவி வைத்து அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட நம் பாதம் அகலம் என்று தெரிந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவுக்குள் இந்த அகலத்தை நுழைக்க நாம் வழிவழியாகச் செய்கிற உபாயம், ஒரு நம்பர் கூட்டி வாங்குவது. அகலம் சரியாகும், நுனியில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்க இடம் மிச்சமாகும். இதற்காக 'பா' என்ற பெயரில் இந்திய அளவுமுறை ஒன்றையும் வகுத்திருக்கிறார்கள். கீழ ராஜ வீதியில் போய் "பா-வில் என்ன இருக்கிறது" என்று கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் சொல்கிறார்கள். சராசரி இந்தியப் பெண்ணின் பாத வளர்ச்சி 11 வயதிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறதாம். ஆண்களுக்கு 15, 16 ஆகும். ஆறாம் வகுப்பிலேயே தன் வேலையை ஏறக்குறைய முடித்துக்கொண்டு காத்திருக்கிற காலுக்கு, பேரன் பேத்தி எடுக்கிற வயதுவரைக்கும் ஒரு சரியான ஷூ கிடைக்கவில்லை என்றால் தப்பு யார் மேல்?

இத்தனைக்கும் இந்த ஊர்ப் பெண்கள் கடைக்காரனின் 'லேடீஸ்ல இல்ல'வை ஒருமுறை தூக்கிக் கடாசியவர்கள். 1991-92-ல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் பழகியதில் கடைகளில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகிவிட்டது. அவர்கள் உட்கார்ந்து விமர்சனம் படித்துக்கொண்டிருக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. என் சித்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழகியவள்தான். பூட்ஸ் விஷயத்தைச் சொன்னபோது, "கால்ல போடுறதுக்கா இம்புட்டு யோசனை?" என்றாள். சைக்கிளில் சீட்டை இறக்கிக்கொள்ளலாம் சித்தி, பூட்ஸில் எதை இறக்குவது?

கடை கைவிட்டதும் பரண் கைகொடுத்தது. அத்தாச்சி மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது விட்டுவிட்டுப் போன ஒரு ஜோடி கிடந்தது. தண்ணீர் புகாத ரகம், கணுக்காலுக்கு மேலே வரும், பழுப்பு நிறம். ஒற்றைக் காலைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். (தட்டில் பேப்பர் விரித்துத்தான், பதற வேண்டாம்.) நானூறு கிராம் சொச்சம். காலில் ஒரு பவுண்டு முதுகில் ஐந்து பவுண்டு என்று மலையேறிகள் ஒரு கணக்கு சொல்வார்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் உலகமே கிராம் கிராமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறது. என் இடுப்பில் இருப்பதைப் பற்றி அந்தக் கணக்கு ஒன்றும் சொல்வதில்லை என்பதால் எனக்கும் அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நார்த்தாமலைக்குக் கிளம்பினோம். எங்கள் வீட்டுக்காரர் வழக்கமான ரப்பர் செருப்பு.

பூட்ஸ் மாட்டுவதை முதலில் சொல்ல வேண்டும். நாக்கை வெளியே இழுத்து, காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் தட்டி, கீழேயிருந்து கண் கண்ணாக நாடாவை இறுக்கி, மேலே இருக்கிற கொக்கிகளில் குறுக்கும் நெடுக்கும் மாட்டி, இரட்டை முடிச்சு. வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து போட்டபோது நன்றாகத்தான் இருந்தது. ஒரு ராணுவக் கம்பீரம்கூட வந்தது. மேலமலையில் ஏற ஆரம்பித்தோம். வழியில் தலையருவிச் சுனை. சுனையடியில், தண்ணீருக்குள்ளே, குடைந்தெடுத்த குகையில் ஒரு சிவலிங்கம் இருக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் தரிசனம். வெளியே தெரியாத சாமிக்குச் செருப்பைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா? ஆகமத்தில் என்ன சொல்லியிருக்கிறதோ. எங்கள் வீட்டுக்காரர் யோசிக்கவில்லை. இரண்டு உதறல், வெறுங்கால், கன்னத்தில் போட்டுக்கொண்டார், மறுபடி செருப்புக்குள் நுழைந்தார். நான் பாறையில் உட்கார்ந்தேன். இரட்டை முடிச்சு, கொக்கி, கொக்கி, கண், கண், நாக்கு. கும்பிட்டேன். நாக்கு, கண், கண், கொக்கி, கொக்கி, இரட்டை முடிச்சு. எழுந்தேன். எழுந்திருப்பது தனி வேலை. அதற்கு ஒரு கை நீட்ட ஆள் வேண்டும். ஆள் மேலே போய்விட்டிருந்தார்.

மேலே விஜயாலய சோழீச்சரம். 9-ஆம் நூற்றாண்டு. முத்தரையர் கட்டியது, சோழர் பெயர் ஒட்டிக்கொண்டது என்று படித்தவர்கள் சண்டை போடுகிற கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். அதன் அழகை நின்று ரசிக்க வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் என் பார்வை முழுக்க வாசலுக்கு முன்னால் உட்கார நிழல் இருக்கிறதா என்பதில் இருந்தது. முடிச்சு, கொக்கி, கண், நாக்கு. இங்கே இன்னொரு தர்மசங்கடம். இந்த வளாகத்தில் நடுக்கோயிலைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கோயில்கள் நிற்கின்றன. எதிரே பாறையில் குடைந்த குகைகள் இரண்டு. ஒன்றில் சிவன், பெயர் பழியிலி ஈசுவரம். மற்றது சமணர் குடகு. பெயர்தான் சமணம், உள்ளே 12 விஷ்ணுக்கள், வரிசையாக, ஆள் உயரத்துக்கு. சைவத்துக்குக் கழற்றி, மாட்டி, வைணவத்துக்குக் கழற்றி, சமணத்துக்கு மரியாதையாக மாட்டாமலே விட்டு... மொத்தமாக வெறுங்காலில் சுற்றிவிடலாம்தான். மணி பத்தரை. பாறை அதற்குள் பழுத்திருந்தது. புதுக்கோட்டைக் கருங்கல்லில் வெயில் நேரத்தில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கிப் புரியாது. சோழீச்சரத்திலிருந்து குகைக்கு நான் போன வேகத்தில் என் இளமைக்காலத்தில்கூட எங்கும் போனதில்லை. எந்த வெயிலுக்காகக் கெட்டியான அடி போட்ட பூட்ஸ் வாங்குகிறோமோ, அந்த வெயில் அடிக்கும்போது பூட்ஸ் வெளியே நிற்கிறது.

அதுவும் எப்படி நிற்கிறது? விலை உயர்ந்த காலணியை நம் ஊரில் யாரும் ஜோடியாக விடுவதில்லை. இடது கால் வேப்பமரத்தடியில், வலது கால் தூணுக்குப் பின்னால். திருடன் ஒற்றைக் காலை எடுத்துப்போய் என்ன செய்வான் என்பது நம் பாதுகாப்பு ஏற்பாடு. கும்பிடும்போது மனசில் பாதி வேப்பமரத்தில், பாதி தூணில், ஈசனுக்கு மிச்சம் எதுவும் இல்லை. அத்தாச்சி மகளின் பூட்ஸ் வேறு. தொலைந்தால் அடுத்த பொங்கலுக்கு முகத்தில் விழிக்க முடியாது.

அதே வாரம் குடுமியான்மலை. அடிவாரத்தில் சிகாநாதருக்குக் கழற்றினால், மேலைக்கோயில் குடைவரைக்கும் இசைக் கல்வெட்டுக்கும் வெறுங்கால்; மேலே பாறையில் செதுக்கிய அறுபத்துமூவரைப் பார்க்க ஏறும்போது போட்டுக்கொள்ளலாமா? அறுபத்துமூன்று பேர் வரிசையாக நின்று என் காலைப் பார்க்கிறார்கள். கண்ணப்பர் செருப்புக் காலாலேயே சிவனை மிதித்தவர், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். மற்ற அறுபத்திரண்டு பேர்? கழற்றினேன். திருமயத்தில் கீழே சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்துக் குடைவரையில். மேலே 1687-ல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டைக்குப் பூட்ஸோடு போகலாம் என்று நாடாவை இறுக்கி, வெற்றிவீரராகப் பாதி ஏறினால், பாறை நடுவே குடைந்த அறையில் இரும்பு ஏணிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது ஒரு லிங்கம். விராலிமலை அந்த வகையில் நேர்மையான மலை. அங்கே அடிவாரத்திலேயே எல்லாம் கழன்றுவிடும். செருப்புக் காவலுக்கு இருந்த அம்மா என் பூட்ஸைத் தட்டில் செருகிப் பார்த்தார், நுழையவில்லை. படுக்கவைத்துப் பார்த்தார், பக்கத்து அறைச் செருப்பு கீழே விழுந்தது. "இதுக்கு ரெண்டு டோக்கன் போடணும்" என்றார். முருகனுக்குச் சுருட்டு படைக்கிற மலை அது. சுருட்டுக்கு உள்ளே இடம் உண்டு, பூட்ஸுக்கு வாசலிலேயே இடமில்லை. படி முழுக்க வெறுங்காலில் ஏறினேன். மயில் இரண்டு கூடவே ஏறின, அவையும் வெறுங்கால்.

பழனியோ திருவண்ணாமலை கிரிவலமோ வெள்ளியங்கிரியோ, எதை எடுத்தாலும் இதே கதைதான். தமிழன் மலைக்குப் போவதே செருப்பைக் கழற்றுவதற்குத்தான். இது தெரியாமல் கணுக்காலுக்கு மேலே எட்டுக் கொக்கி வைத்தவனை என்ன சொல்வது? 'கழற்ற எளிது' என்று ஒரு வரி எந்த டப்பாவிலாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவர்கள் ஊர் மலை உச்சியில் கொடிதான் நடுவார்கள்.

தண்ணீர் புகாத சங்கதிக்கு வருகிறேன். 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், தோசைக்கல்லில் பூசுகிறார்களே அந்த டெஃப்லானைச் சூடாக்கி மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அறுந்துபோனது. ஆத்திரம் வந்து வெடுக்கென்று ஒரே இழுப்பு இழுத்தார். நீண்டுகொண்டே போனது. கோர்-டெக்ஸ் பிறந்தது. கோபத்தில் செய்த காரியம் விளங்கியதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சான்று என்று எங்கள் வீட்டுக்காரரிடம் அடிக்கடி சொல்கிறேன். அந்த மெல்லிய படலத்தில் சதுர அங்குலத்துக்கு 900 கோடி துளைகள் என்று கம்பெனி சொல்கிறது. தண்ணீர்த் துளி நுழைய முடியாத அளவு சின்னது. வியர்வை ஆவி வெளியேறப் போதுமான அளவு பெரியது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற புழுக்கம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இருக்கும். சித்திரை மாதப் புதுக்கோட்டையில் ஆவி துளை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே திரும்பிவிடுகிறது. மழையோ, ஐப்பசி கார்த்திகையில் பெய்தால் உண்டு. அந்தச் சமயத்தில் கவிநாட்டுக் கண்மாய்க் கரையில் கால் வைத்தால் தண்ணீர் தோலைத் துளைத்துக்கொண்டா வரும்? மேல் வாய் வழியாக மரியாதையாக இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியேறாது. அதுதானே வாட்டர்ப்ரூஃப்.

எங்களுக்கு உண்மையில் வேண்டியது முள்ப்ரூஃப். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் 17 கல்படுக்கைகளில் வழுவழுவென்று படுத்துத் தவம் செய்த காலத்தில் சீமைக்கருவேலம் இல்லை. இப்போது அந்தப் பக்கம் பாதையை விட்டு ஓரடி விலகினால் அதன் முள் ரப்பர் அடியைத் துளைத்து மேலே தலைநீட்டும். எடை குறைக்க வலைத்துணி வைத்த பூட்ஸில் ஒட்டுப்புல் விதை குத்திக்கொண்டால், ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். இதை எந்த ஆய்வுக்கூடத்திலும் சோதித்ததாகத் தெரியவில்லை. பூட்ஸை ஆர்க்டிக் பனியில் ஊறவைத்துப் பார்க்கிறார்கள். ஒரு தடவை கீரனூர்ப் பக்கம் இறக்கிவிட்டுப் பார்க்கட்டும்.

எம்மா கேட்வுட் என்று அமெரிக்காவில் ஒரு பாட்டி. பதினொரு பிள்ளை பெற்றவர். 1955-ல், 67 வயதில், அப்பலாச்சியன் மலைத்தடம் முழுவதையும், 3,000 கிலோமீட்டருக்கு மேல், தன்னந்தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. இந்தக் கதையை மகளுக்கு அனுப்பினேன். "அந்தப் பாட்டி வழியில எத்தனை ஷூவைக் கிழிச்சாங்கன்னும் படிச்சியாம்மா?" என்று பதில் வந்தது. படித்தேன். அதனால்தான் அந்தப் பகுதியை அனுப்பவில்லை.

எதை வாங்கலாம் என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா. ஆன்லைன் கடை வண்டியில் இப்போதைக்கு நான்கு ஜோடி போட்டுவைத்திருக்கிறேன். இரண்டில் என் அளவு தீர்ந்துவிட்டது, ஒன்றுக்கு எங்கள் பின்கோடு பிடிக்கவில்லை, நான்காவது ரோஸ். முடிவெடுக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் மகள் ஒரு குண்டைப் போட்டாள்: பூட்ஸைவிட சாக்ஸ்தான் முக்கியமாம். பருத்தி ஆகவே ஆகாதாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடுமாம். கம்பளி வேண்டுமாம். ஆட்டுரோமம், அதுவும் மெரினோ ஆடு. ஊரைச் சுற்றி ஆடு மேய்கிறது, ஒன்றும் அந்த ஜாதி இல்லை. பழைய கடைக்கே போன் போட்டு, கம்பளி சாக்ஸ் இருக்கா தம்பி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஸ்வெட்டர் விக்க வருவாங்கல்ல ஆன்ட்டி, மார்கழியில, பஸ் ஸ்டாண்டு பக்கம்... அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க" என்றான்.

மார்கழிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. மகள் பதிவு செய்திருப்பது அடுத்த மாதத்துக்கு.